மிச்சத்தில் பங்கு: சர்க்கார் வேலைகளில் ஏற்படும் சேமிப்பை ஒப்பந்தக்காரருடன் பகிர்ந்துகொள்ளும் முறை

மேலூர் வட்டாரத்துக் குடியானவர்களுக்குச் சர்க்கார் வேலை என்பது தூரத்து விஷயமன்று. பேரணையினின்று வரும் பெரியாற்றுப் பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் நிலம் இருபோகப் பாசனம் பெறுவது; அதற்கப்பால் மேலூர்ப் பகுதியிலுள்ள 85,563 ஏக்கர் ஒருபோகப் பாசனம் மட்டுமே பெறுவது. கால்வாயின் கடைப்பகுதியில் நிலம் வைத்திருப்பவருக்கு மேலே ஒரு மதகு பழுதானாலும், ஒரு கரை கசிந்தாலும், அதன் பலன் தம் வயலில் தெரியும். மராமத்துக்கென்று ஒதுக்கப்படும் தொகையோ அளவுள்ளது. ஒரு மதகைச் செப்பனிடுவதில் வீண் செலவு ஏற்படுமானால் அடுத்த மதகு அடுத்த வருஷத்திற்குத் தள்ளிப் போகும். சிக்கனம் என்ற பெயரால் மட்டமான வேலை செய்யப்படுமானால் அந்த மதகே இரண்டு வருஷத்தில் மறுபடியும் உடையும். ஆகவே வேலையின் உறுதி குறையாமல் செலவு மட்டும் குறைவது எப்படி என்னும் கேள்வி, இஞ்சினீயர்களுக்கு எவ்வளவு முக்கியமோ, கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களாகிய நமக்கும் அவ்வளவு முக்கியமானது.

இக்கேள்விக்கு உலகின் பல தேசங்களில் கண்டறியப்பட்ட விடைகளில் ஒன்று, மிச்சத்தில் பங்கு கொடுப்பது. வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர், அதே பயனை அதே உறுதியுடன் குறைந்த செலவில் தரும் வழியொன்றைச் சொல்வாரானால், அதனால் உண்டாகும் மிச்சத்தில் ஒரு பகுதியை அவருக்கே அளித்து, எஞ்சியதைச் சர்க்கார் வைத்துக்கொள்வதென்பது இதன் சாரம். இம்முறை எவ்வாறு நடைபெறுகிறது, இதில் எங்கே அபாயம் இருக்கிறது, நமது சங்கங்கள் இதினின்று கற்றுக்கொள்ள வேண்டியது யாது என்பவற்றை இங்கே விளக்குவோம்.

1. மிச்சம் ஏன் வெளிவருவதில்லை?

நம் நாட்டில் சர்க்கார் வேலைகள் பெரும்பாலும் நடைபெறும் முறையை யாவரும் அறிவர். முதலில் விலை விகிதப் பட்டியலைக் கொண்டு எஸ்டிமேட்டு தயாரிக்கப்படுகிறது. பின்னர் டெண்டர் கோரப்படுகிறது. தகுதியுடையவர்களுள் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை அளிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கு அடிப்படையாக உள்ளது. வேலை நடக்க நடக்க, மண்வேலை இத்தனை கன மீட்டர், செங்கற்கட்டு இத்தனை கன மீட்டர் என்று அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிந்து, அளவுக்கேற்பப் பணம் தரப்படுகிறது.

இம்முறையில் நியாயம் உண்டு. செய்த வேலைக்கே கூலி என்பது நல்ல விதியே. ஆயினும் இதில் ஒரு குறை மறைந்திருக்கிறது. அதை ஓர் உதாரணத்தால் காண்போம். ஒரு சங்கத்தின் காரியாலயக் கட்டடத்திற்கு ரூ. 30,00,000-க்கு ஒப்பந்தம் ஆகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவர் கட்டும் முறையைச் சிறிது மாற்றினால் ரூ. 2,00,000 மதிப்புள்ள செங்கல்லும் சாந்தும் கூலியும் தேவைப்படா என்பது ஒப்பந்தக்காரருக்குத் தெரிகிறது. அந்த ரூ. 2,00,000-இல் அவருடைய அடக்கச் செலவு ரூ. 1,80,000, லாபம் ரூ. 20,000 என்று கொள்வோம். அவர் வாய்திறந்து யோசனை சொன்னால் பில்லில் ரூ. 2,00,000 குறைந்துவிடும், அவருக்கு வரவேண்டிய ரூ. 20,000 லாபமும் உடன் போய்விடும். சொல்லாதிருந்தால் லாபம் முழுவதும் கைக்கு வரும்.

தமக்கு நஷ்டம் விளைவிக்கும் யோசனையைத் தாமே முன்வந்து சொல்ல வேண்டுமென்று ஒருவரிடம் எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியன்று. நல்லவரும் மௌனமாயிருக்கும்படியாகவே கணக்கு அமைந்திருக்கிறது.

அதிகாரிகளின் பக்கத்திலும் இவ்வாறே. வருஷத்திற்கென ஒதுக்கப்பட்ட பணம் மார்ச்சு 31-ஆம் தேதிக்குள் செலவாகாவிட்டால் பொதுவாக அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். மிச்சப்படுத்தியவருக்கு மெச்சிக்கொள்ளத்தக்க பலன் ஒன்றுமில்லை. அதற்கு மாறாக, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை ஏன் மாற்றினீர் என்று தணிக்கையில் கேள்வி வரக்கூடும். சொல்லுகிறவருக்கும் லாபமில்லை, கேட்கிறவருக்கும் லாபமில்லை. இருவரும் பேசாதிருக்க, வரி கொடுத்தவர் பணம் சுவருக்குள் செங்கல்லாகப் புதைந்து போகிறது.

இதற்கு நேர்மாறான இன்னொரு தவறான முறையும் இருந்தது. செலவு எவ்வளவோ அவ்வளவையும் கொடுத்து, அச்செலவின்மேல் நூற்றுக்கு இவ்வளவு என்று லாபமும் கொடுப்பது அம்முறை. யுத்த காலங்களில் அவசரத்தை முன்னிட்டு இது கையாளப்பட்டது. இதில் செலவு கூடக்கூட லாபமும் கூடும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்னும் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பந்தம் கிடையாது. முதல் உலக யுத்தத்தில் பட்ட அனுபவத்தால், அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இயற்றப்பட்ட யுத்தகால அதிகாரச் சட்டம், செலவின்மேல் நூற்றுவீதம் லாபம் தரும் ஒப்பந்தங்களைத் தடை செய்தது.

2. பிற தேசங்களில் இம்முறை வளர்ந்த விதம்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் பல சாமான்கள் கிடைப்பது அரிதாயிற்று. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சரக்குக் கொள்முதலைக் கவனித்துவந்த இஞ்சினீயர் லாரன்ஸ் மைல்ஸ் என்பவர், கிடைக்காத சாமானுக்குப் பதிலாக வேறொன்றைத் தேடும்போதெல்லாம், “இந்தச் சாமான் என்ன காரியத்தைச் செய்கிறது? அக்காரியத்தை வேறு எது செய்யும்?” என்னும் கேள்வியை எழுப்பினார். இவ்வாறு தேடியதில் பல சமயங்களில் மாற்றுச் சாமான் மலிவாகவும், சில சமயங்களில் முன்னையதைவிட நன்றாகவும் இருக்கக் கண்டார். 1947-ஆம் ஆண்டளவில் இது ஓர் ஒழுங்கான முறையாக உருவாகியது. 1954-இல் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் கட்டும் இலாகா இதை மேற்கொண்டது. இதற்கு மதிப்புப் பொறியியல் என்று இன்று பெயர் வழங்குகிறது.

சர்க்கார் இதை எடுத்துக்கொண்டவுடன் முன்சொன்ன சிக்கல் எழுந்தது: வெளி ஒப்பந்தக்காரர் ஏன் யோசனை சொல்வார்? இதற்கு விடையாகவே ஒப்பந்தங்களில் பங்கீட்டு நிபந்தனை சேர்க்கப்பட்டது. 1984-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மத்திய சர்க்காரின் கொள்முதல் விதித்தொகுதியில், கட்டட வேலைகளுக்கென இடம்பெற்ற வாசகம் கவனிக்கத்தக்கது. மாறாத தொகைக்கு எடுத்த வேலையில் ஒப்பந்தக்காரர் சொன்ன யோசனை ஏற்கப்பட்டால், கிடைக்கும் மிச்சத்தில் முதலில் அந்த யோசனையை உருவாக்கவும் நிறைவேற்றவும் சர்க்காருக்கு நேரடியாக ஆன செலவு கழிக்கப்படும். எஞ்சியதில் நூற்றுக்கு 45 சர்க்காருக்கும், 55 ஒப்பந்தக்காரருக்கும் சேரும். ஆனால் செலவையெல்லாம் சர்க்காரே ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தமாயின், ஒப்பந்தக்காரருக்கு 25-தான், 75 சர்க்காருக்கு. காரணம் வெளிப்படை. நஷ்டத்தின் பாரத்தைத் தாம் சுமப்பவருக்கு மிச்சத்திலும் பெரும்பங்கு. பாரத்தைப் பிறர் சுமக்க வேலை செய்பவருக்குச் சிறுபங்கு.

சர்வதேச ஆலோசனை இஞ்சினீயர்களின் சம்மேளனமாகிய பிடிக் என்னும் ஸ்தாபனம் 1999-இல் வெளியிட்ட ஒப்பந்த நிபந்தனைகளிலும் இதற்கு இடமுண்டு. அதன்படி, ஒப்பந்தக்காரரின் யோசனையால் நிரந்தரக் கட்டுமானத்தின் அமைப்பு மாறி ஒப்பந்தத் தொகை குறையுமானால், அக்குறைவினின்று மற்றொரு தொகையைக் கழிக்க வேண்டும். மாற்றத்தினால் தரத்திலோ, ஆயுளிலோ, வேலைத் திறத்திலோ உடைமையாளருக்கு ஏற்படும் மதிப்புக் குறைவே அந்தத் தொகை. கழித்தபின் எஞ்சியதில் பாதி ஒப்பந்தக்காரருக்கு. ஒன்றும் எஞ்சாவிட்டால் அவருக்கு ஒன்றும் இல்லை. 2017-இல் வெளியான திருத்திய பதிப்பு, பங்கு எவ்வளவு என்பதை அந்தந்த வேலையின் விசேஷ நிபந்தனைகளிலேயே குறிக்கும்படி விட்டுவிட்டது.

இங்கிலாந்தில் 1993-இல் முதன்முதலாக வெளியான மற்றொரு மாதிரி ஒப்பந்தத்தில் ஒருபடி மேலே சென்றார்கள். அதன் ஒரு வகையில், வேலைக்கு ஓர் இலக்குத் தொகை முன்னரே தீர்மானிக்கப்படும். செலவு அதற்குக் குறைந்தால் மிச்சத்தை இருவரும் குறித்த விகிதப்படி பகிர்ந்துகொள்வர். கூடினால் அதிகச் செலவையும் அவ்வாறே பகிர்ந்துகொள்வர். லாபத்தில் பங்காளியாயிருப்பவர் நஷ்டத்திலும் பங்காளி என்பது இதன் தத்துவம். 2012-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கான கட்டுமானங்களில் இவ்வொப்பந்த வகை பயன்பட்டது.

இந்தியாவிலும் இக்கருத்து தலைகாட்டாமலில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சு 2016-இல், நெடுஞ்சாலை வேலைகளில் புதிய சாமான்களையும் முறைகளையும் கையாண்டு செலவைக் குறைக்கும் பொருட்டு மதிப்புப் பொறியியல் திட்டமொன்றைத் தொடங்கியது.

3. எது மிச்சம்? எது மிச்சமன்று?

இம்முறையின் உயிர்நிலை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. செலவு குறைந்ததெல்லாம் மிச்சமாகாது. ஒரே பயனை, ஒரே ஆயுளுக்கு, குறைந்த செலவில் பெற்றால்தான் அது மிச்சம். சிமெண்டைக் குறைப்பதும், கம்பியின் கனத்தைக் குறைப்பதும், அடித்தளத்தை ஆழங்குறைத்துத் தோண்டுவதும் மிச்சமல்ல. அவை நாளைய செலவை இன்றைக்கு மறைத்து வைப்பதேயாகும்.

உண்மையான மிச்சத்திற்கு ஓர் உதாரணம்: இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 2007-இல் காலஞ்சென்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், எலிப்பொறிக் கட்டு என்னும் சுவர் முறையைப் பரப்பினார். இதில் செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவர். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரோடு ஒப்பிட்டால் செங்கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும்; சாந்தும் குறையும். உள்ளே காற்று நிற்பதால் வெயிலின் வெப்பமும் உட்புகுவது குறைகிறது. ஆயினும் இதற்கு ஒரே அளவான செங்கலும், பழகிய கொத்தனாரும் வேண்டும். நெல்மூட்டைகளைச் சுவரோடு சாய்த்து அடுக்கும் கிடங்குக்கு இது ஏற்குமா என்பதை இஞ்சினீயர் பார்த்தே சொல்ல வேண்டும். ஓரிடத்து மிச்சம் மற்றோரிடத்தில் நஷ்டமாகலாம்.

மிச்சமல்லாததற்கு ஓர் உதாரணம்: இருபது வருஷம் உழைக்கும் கூரைக்குப் பதிலாகப் பத்து வருஷம் உழைக்கும் கூரையைப் போட்டால் இன்று ரூ. 1,00,000 குறையலாம். பத்தாம் வருஷத்தில் மறுபடியும் கூரை போடும் செலவை இன்றைய மதிப்பில் கணக்கிட்டு, அது ரூ. 1,20,000 என்று தெரிந்தால், உடைமையாளருக்கு ரூ. 20,000 நஷ்டம். இதற்குப் பங்கு கொடுப்பது, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதாகும்.

4. பங்கீட்டுக் கணக்கு

முதற்பகுதியில் சொன்ன காரியாலயக் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் பாதிக்குப் பாதி என்னும் பங்கீட்டு நிபந்தனை முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. ஒப்பந்தக்காரர் எலிப்பொறிக் கட்டைச் சிபாரிசு செய்கிறார். கணக்கு இவ்வாறு அமையும்:

ஒப்பந்தத் தொகையில் குறைவு: ரூ. 2,00,000.
யோசனையைப் பரிசீலிக்கவும் மேற்பார்வையிடவும் சங்கம் இஞ்சினீயருக்குக் கொடுக்கும் அதிகச் செலவு: ரூ. 20,000.
ஆயுளிலும் தரத்திலும் குறைவு: இல்லை.
நிகர மிச்சம்: ரூ. 1,80,000.
ஒப்பந்தக்காரர் பங்கு: ரூ. 90,000.
சங்கத்தின் பங்கு: ரூ. 90,000.

சங்கம் ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பது ரூ. 30,00,000-இல் ரூ. 2,00,000 குறைத்து, ரூ. 90,000 சேர்த்து, ரூ. 28,90,000. இஞ்சினீயருக்குக் கொடுப்பதையும் கூட்டினால் சங்கத்தின் மொத்தச் செலவு ரூ. 29,10,000. ஆகச் சங்கத்திற்கு ரூ. 90,000 கையில் நிற்கிறது. ஒப்பந்தக்காரர் இழந்த லாபம் ரூ. 20,000, பெற்ற பங்கு ரூ. 90,000, ஆக அவருக்கு ரூ. 70,000 அனுகூலம். பங்கு கொடுக்காதிருந்தால் அவர் யோசனையே சொல்லியிருக்கமாட்டார்; சங்கத்திற்கும் ரூ. 90,000 மிஞ்சியிராது. அவருக்குக் கொடுத்த ரூ. 90,000, சங்கத்தின் பெட்டியிலிருந்து போனதன்று. அவர் சொல்லியிராவிட்டால் அத்தொகை எவருக்கும் பயன்படாமல் சுவரில் முடங்கியிருக்கும்.

கூட்டுறவுக்காரர்களுக்கு இக்கணக்கு புதிதாகத் தோன்றலாகாது. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் தொடங்கிய பண்டகசாலை, வருஷமுடிவில் எஞ்சிய உபரியைக் கொள்முதலுக்குத் தக்கபடி அங்கத்தினர்களுக்குத் திருப்பித் தந்தது. உபரி யாரால் உண்டாயிற்றோ அவருக்கு அதில் உரிமை உண்டென்னும் அதே நியாயந்தான் இங்கும் செல்லுகிறது. இதில் விசேஷம், உபரியை உண்டாக்கியவர் நமது அங்கத்தினர் அல்லாத ஒருவர் என்பது மட்டுமே.

5. ஆக்ஷேபணைகளும் சமாதானமும்

முதல் ஆக்ஷேபணை: டெண்டர் எடுத்தவர் நல்ல வழியில் வேலை செய்யக் கடமைப்பட்டவரல்லவா? அதற்கு மேலும் பங்கு ஏன்? இதற்கு விடை: வரைபடத்தில் உள்ளதை உள்ளபடி கட்டுவதே அவர் கடமை. வரைபடத்தைத் திருத்துவது அவர் கடமையன்று. அது அவருடைய அனுபவத்தின் பயன். அதை விலையின்றிக் கேட்பதற்கு நமக்கு உரிமையில்லை.

இரண்டாவது ஆக்ஷேபணை வலிமையுள்ளது. பங்கு கிடைக்கும் என்று தெரிந்தால், எஸ்டிமேட்டையே முதலில் கொழுக்க வைத்துப் பின்னர் அதை மெலியச் செய்து மிச்சம் என்று காட்டமாட்டார்களா? திட்டம் வகுப்பவரும் வேலை எடுப்பவரும் கூடிக்கொண்டால் இது நடக்கக்கூடியதே. இதற்குத் தடைகள் மூன்று. எஸ்டிமேட்டைத் தயாரித்தவரைத் தவிர்த்த வேறொருவர் யோசனையைப் பரிசீலிக்க வேண்டும். கேட்பவர் பலராயிருந்து டெண்டரில் உண்மையான போட்டி இருக்க வேண்டும். போட்டியுள்ள இடத்தில் கொழுத்த எஸ்டிமேட்டு டெண்டரிலேயே இளைத்துப்போகும். ஒருமுறை பங்கு கொடுத்த யோசனை, அடுத்த எஸ்டிமேட்டில் சாதாரண முறையாகச் சேர்க்கப்பட வேண்டும். அப்பொழுது முதல்முறை மிச்சத்தில் பாதியும், அதன்பின் வரும் மிச்சம் முழுவதும் பொதுஜனங்களுக்குச் சேரும்.

மூன்றாவது ஆக்ஷேபணை: வேலை கொடுத்தபின் நிபந்தனையை மாற்றுவது பாரபட்சமாகாதா? ஆம், ஆகும். ஆகவேதான் பங்கீட்டு நிபந்தனை டெண்டர் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். எல்லோரும் அறிந்து கேட்ட டெண்டரில் எல்லோருக்கும் சமமான சந்தர்ப்பம் உண்டு. வேலை நடக்கும்போது ஒருவரோடு தனியே பேசி மிச்சம் பிரிப்பது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், தணிக்கைக்கும் ஊராரின் சந்தேகத்திற்கும் இடங்கொடுக்கும்.

6. அண்டையிலுள்ள உதாரணங்கள்

பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில், வடகரைக்கு அருகே, வாக்படானந்தர் என்னும் சமூகச் சீர்திருத்தப் பெரியாரின் உபதேசத்தைப் பின்பற்றியதால் வேலை மறுக்கப்பட்ட தொழிலாளர் சிலர் 1925-இல் ஒரு சங்கம் கண்டனர். அதுவே ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நிற்பதற்குப் பதிலாகத் தாங்களே கூட்டாக ஒப்பந்தக்காரராயினர். இன்று அச்சங்கம் கேரளத்தில் சாலைகளையும் பாலங்களையும் கட்டும் பெரிய ஸ்தாபனமாக விளங்குகிறது. உழைப்பவரே உடைமையாளராதலின், வேலையில் உண்டாகும் உபரியில் அவர்களுக்கு உரிமையுண்டு. மிச்சத்தில் பங்கு என்னும் தத்துவத்தின் முழுவடிவம் இது.

கொச்சியில் பாலாரிவட்டம் என்னுமிடத்து மேம்பாலம் 2016-இல் திறக்கப்பட்டது. விரிசல்கள் கண்டு 2019-இல் மூடப்பட்டது. தரத்தில் குறைவு நேர்ந்தால் பொதுப்பணம் இருமுறை செலவாகும் என்பதற்கு இது கண்கூடான சாட்சி. அதைத் திரும்பக் கட்டும் பொறுப்பை டில்லி மெட்ரோ ரயில் கார்ப்பொரேஷன், இஞ்சினீயர் ஈ. ஸ்ரீதரனின் வழிகாட்டுதலில் ஏற்றது. அக்கார்ப்பொரேஷன் கொச்சி நகரில் முன்னர் கட்டிய பாலங்களில் மிச்சமான சுமார் 17 கோடி ரூபாய் கையிருப்பில் இருந்தது. ஆகவே சர்க்காரிடம் புதிதாகப் பணம் கேட்க வேண்டியதில்லை என்று ஸ்ரீதரன் தெரிவித்தார். 2020 செப்டம்பரில் தொடங்கிய வேலையை ஊராளுங்கல் சங்கத்தார் ஆறு மாதத்திற்குள் முடிக்க, 2021 மார்ச்சில் பாலம் மறுபடியும் திறக்கப்பட்டது. ஒரு வேலையின் உண்மையான மிச்சம் மற்றொரு வேலைக்கு உதவியதும், ஒரு வேலையின் தரக்குறைவு அந்த மிச்சத்தை விழுங்கியதும், இந்த ஒரே கதையில் அடங்கியிருக்கின்றன.

நம் பக்கத்தில் குடிமராமத்து உண்டு. கண்மாயின் நீரைப் பயன்படுத்துவோரே அதைச் செப்பனிடும் இப்பழைய வழக்கத்திற்கு 1858-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டமொன்று ஆதாரமளித்தது. பிற்காலத்தில் தளர்ந்துபோன இதனைத் தமிழ்நாடு சர்க்கார் 2017-இல் புதுப்பித்தது. முதலாண்டுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வேலைகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடமே ஒப்படைக்கப்பட்டன. மதிப்பில் நூற்றுக்கு 10 பங்கைப் பாசனதாரர்கள் பணமாகவோ, உழைப்பாகவோ, பொருளாகவோ ஏற்க வேண்டுமென்பது ஏற்பாடு. தம் கையிலிருந்து பத்தில் ஒரு பங்கு போடுகிறவர், மற்ற ஒன்பது பங்கும் எங்கே போகிறதென்று பார்ப்பார். கரையின் மண்ணைக் குறைத்தால் நீர் வற்றுவது தம் வயலில் என்பதும் அவருக்குத் தெரியும். சங்கத்தின் பெயர் மட்டும் இருந்து, வேலையை வெளியார் நடத்துவார்களானால் இந்தக் காவல் இல்லாமற் போய்விடும்.

7. சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

நமது சங்கங்கள் இரு நிலைகளில் இவ்விஷயத்தைச் சந்திக்கின்றன. கிடங்கும் காரியாலயமும் கட்டும்போது வேலை கொடுப்பவர்களாகவும், மராமத்து வேலைகளை ஏற்கும்போது வேலை எடுப்பவர்களாகவும் இருக்கின்றன. இரு நிலைகளுக்கும் பொருந்தும் நிபந்தனைகளைக் கீழே தருகிறோம். சட்டத்திற்கும், சங்கத்தின் துணைவிதிகளுக்கும், பதிவாளர் உத்தரவுகளுக்கும் இவை உட்பட்டவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

(அ) பங்கு எவ்வளவு, எப்படிக் கணக்கிடுவது என்பதை டெண்டர் விளம்பரத்திலேயே எழுதுக.

(ஆ) யோசனை எழுத்து மூலமாக, வேலையின் அந்தப் பகுதி தொடங்குமுன்னர், பழைய முறைக்கும் புதிய முறைக்கும் தனித்தனியே கணக்குடன் வரவேண்டும். கட்டிமுடித்தபின் மிச்சம் என்று சொல்லிப் பங்கு கேட்பதை ஏற்கலாகாது.

(இ) எஸ்டிமேட்டுத் தயாரித்தவரல்லாத தகுதியுள்ள இஞ்சினீயரொருவர் அதைப் பார்த்து, பயன், ஆயுள், பராமரிப்புச் செலவு ஆகிய மூன்றையும் பற்றித் தம் கருத்தை எழுதித் தரவேண்டும்.

(ஈ) அடித்தளம், இரும்புக்கம்பி, நீர்த்தேக்கக் கரை முதலிய உயிருக்கும் உடைமைக்கும் காவலானவற்றில், வடிவமைப்பாளரின் முழுச் சம்மதமின்றி ஒரு மாற்றமும் செய்யலாகாது.

(உ) யோசனைக்கு ஆமென்றோ இல்லையென்றோ குறித்த நாளுக்குள் பதில் சொல்க. ஒப்பந்தக்காரரின் ஆட்களும் யந்திரங்களும் காத்துக்கிடந்தால் மிச்சம் அதிலேயே கரைந்துவிடும்.

(ஊ) பங்குத்தொகையில் ஒரு பகுதியைக் குறைபாட்டுப் பொறுப்புக்காலம் முடியும்வரை நிறுத்திவைப்பதென்று ஒப்பந்தத்தில் குறிப்பது நலம். ஒரு மழைக்காலம் கடந்தபின் சுவரின் குணம் தெரியும்.

(எ) கணக்கு முழுவதையும் மகாசபையில் வாசிக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு ரூ. 90,000 கொடுத்தோம் என்று மட்டும் சொன்னால் சந்தேகம் பிறக்கும்; சங்கத்திற்கு ரூ. 90,000 மிஞ்சியது என்பதையும், அது எதற்குச் செலவாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

(ஏ) யோசனை பெரும்பாலும் கொத்தனாரிடமிருந்தும், மேஸ்திரியிடமிருந்தும், மண்வெட்டுகிறவரிடமிருந்தும் பிறக்கிறது. சங்கமே வேலை எடுத்துச் செய்யும்போது, கிடைத்த பங்கில் ஒரு பகுதி அதைக் கண்டவர் கைக்குச் சேரவேண்டும். அவ்வாறின்றேல், ஒப்பந்தக்காரர் சர்க்காரிடம் மௌனமாயிருப்பது போலவே தொழிலாளி சங்கத்தினிடம் மௌனமாயிருப்பார்.

அங்கத்தினர்களே, பொதுப்பணத்தைக் காப்பதற்குக் காவலும் தணிக்கையும் அவசியமே. ஆனால் காவல் திருட்டைத்தான் தடுக்கும். யாரும் திருடாமலே வீணாகும் பணத்தை அது காணாது. அதைக் காணும் கண் வேலை செய்கிறவருக்கே உண்டு. கண்டதைச் சொல்வதில் அவருக்கு நஷ்டமில்லாதபடி செய்வதும், சொன்னது உண்மையான மிச்சந்தானா என்று அளந்து பார்ப்பதும் வேலை கொடுக்கிறவர் கடமை. முதலாவதை மட்டும் செய்தால் பொதுப்பணம் கொள்ளை போகும். இரண்டாவதை மட்டும் செய்தால் யோசனையே வராது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஊரில், ஒரு மதகுக்கென்று வந்த பணத்தில் அடுத்த மதகின் பலகைக்கும் கொஞ்சம் மிஞ்சும். கால்வாயின் கடைப்பகுதியில் நீருக்காகக் காத்திருக்கும் மேலூர்க் குடியானவருக்கு அந்தக் கொஞ்சம் சிறிய விஷயமன்று. அடுத்த மகாசபைக் கூட்டத்தில், சங்கம் கட்டவிருக்கும் எந்த வேலைக்கேனும் இந்நிபந்தனையைச் சேர்க்கலாமா என்று ஒவ்வொரு சங்கமும் ஆலோசிக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.